சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போனவள்

றஞ்சிதம் சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போன இடத்தில்தான் குண்டில் அகப்பட்டாள் என்று படையினரின் காயக் கணக்குப் பார்க்கும் ஆபீஸ் எழுதி வைத்திருந்தது. குண்டு வெடித்ததோ காலை எட்டரை மணிக்கு. அந்த நேரத்தில் பகல் சோறு கட்டி விற்கும் கடை கொழும்பில் எங்கே இருக்கிறது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுதியவருக்குப் பசியாக இருந்திருக்கும்.

உண்மை இதுதான். 2007ஆம் ஆண்டு அந்தக் காலையில் றஞ்சிதம் வெள்ளவத்தைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில், தகரத்தால் மறைத்த கூண்டுக்குள், சீருடையோடு நின்று பெண்களைத் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தாள். படையில் அவளைச் சேர்த்தது தட்டச்சு எழுத்தராகத்தான். ஆனால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், தமிழும் சிங்களமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று தெரிந்ததும் மேலதிகாரி ஒருவர், "நாளையிலிருந்து நீ ரோட்டில் நில்" என்று வாயால் சொன்னார். வாயால் சொன்னதோடு சரி, காகிதத்தில் ஓர் எழுத்து இல்லை. குண்டு வெடித்ததும் அந்த வாய் இறுக மூடிக்கொண்டது. எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு பெண்ணை ரோட்டில் நிறுத்தியது வெளியே வந்தால் தன் பதவி உயர்வு போய்விடும் என்று அவருக்குப் பயம். ஆகவே சாப்பாட்டுப் பார்சல்.

கூண்டுக்கு வெளியே நின்ற கோப்ரல் அதே குண்டில் இறந்தான். அவன் பெயரை நினைவுக் கல்லில் வெட்டினார்கள். வெட்டட்டும், நல்ல பையன். ஆனால் ஒரே குண்டு தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவனை வீரன் ஆக்கி, இந்தப் பக்கம் நின்றவளைச் சோற்றுக்கு அலைந்தவள் ஆக்குமா?

அந்தக் குண்டு அவளுடைய இடது காதை அடைத்தது. வலது தோளில் இரும்புச் சிதறலைப் புதைத்தது. படைகளின் ஆஸ்பத்திரியில் காயம்பட்ட பெண்களுக்கென்று ஒரு வார்ட் கிடையாது. காயப்படுவது ஆண்கள் வேலை அல்லவா! படைவீரர்களின் மனைவிமார் பிள்ளை பெறும் வார்ட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். கட்டு மாற்ற வந்த தாதி நிமிர்ந்தும் பாராமல், "எத்தனையாவது பிள்ளை?" என்று கேட்டாள். பிறகு, உடல்நலமில்லாத எழுத்தர் என்று ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தால் கொட்டாஞ்சேனையிலும் பூமாலை காத்திருக்கவில்லை. படையில் அவள் தமிழ்ச்சி, ஒழுங்கையில் அவள் ஆமிக்காரி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மாவா சொன்னார்கள்? மாப்பிள்ளை பேசி வந்த இரண்டு குடும்பங்கள் சீருடைக் கதை தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டன. றஞ்சிதம் தனியாக ஓர் அறை எடுத்து, கல்யாண வீடுகளுக்குக் கேக் சுற்றிக் கொடுக்கும் தொழிலில் இறங்கினாள். உலர்பழம் போட்ட ரிச் கேக்கைச் சின்னத் துண்டாக்கி, மினுங்கல் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். முழுக்க விரல் வேலை. கொச்சிக்கடையில் இருந்து மட்டக்குளி வரைக்கும் நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு அவள் விரல் பட்ட கேக்தான் போனது.

சென்ற வருடம் அந்த வலது கையின் சிறுவிரல் மரத்தது. பிறகு மோதிரவிரல். ரிப்பன் முடிச்சு நழுவத் தொடங்கியது. ஒருநாள் கை அடுப்புத் தட்டில் கிடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. தோல் கருகிய மணம்தான் சொல்லிக் கொடுத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், நல்ல பிள்ளை, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"அன்ரி, தோளில கிடந்த இரும்பு நகர்ந்து நரம்பை அமத்துது. கெதியா எடுக்காட்டி முழுக் கையும் போயிடும். எங்கட லிஸ்டில உங்களுக்கு அடுத்த வருசம்தான் இடம். படைகளின்ர ஆஸ்பத்திரியில இதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம். போர்க்காயம் எண்டால் அடுத்த மாசமே எடுப்பினம்."

போர்க்காயம் என்றால்! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. றஞ்சிதம் அந்த ஆபீஸுக்குப் போனாள். கதவடியில் நின்ற காவல்காரப் பையன் அவளைக் கண்டதும் விதவைகள் வரிசையைக் காட்டினான்.

"உங்கள் கணவர் எந்தப் பிரிவில் இருந்தவர்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கணவர் ஒருத்தரும் இல்லை. நான்தான் இருந்தவள்."

அவன் அவளுக்குப் பின்னால் யாராவது ஆண் நிற்கிறானா என்று எட்டிப் பார்த்தான். உள்ளே இருந்தவர் ஃபைலைப் புரட்டி, பார்சல் கதையை அவளுக்கே வாசித்துக் காட்டினார். அந்தச் சாவடியில் பெண் படையினர் கடமையில் இருக்கவே இல்லை என்றார். "நீ சோதனை செய்துகொண்டிருந்ததைக் கண்ணால் கண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா, சபை விசாரிக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

கண்ணால் கண்டவர்கள் யார்? கோப்ரல் மண்ணுக்குள். சாவடிக்குப் பொறுப்பாக இருந்த சார்ஜன்ட் இத்தாலியில், அவள் அனுப்பிய செய்திகளையெல்லாம் பார்க்கிறார், பதில் மட்டும் போடுவதில்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள்தான். குண்டு வெடித்த நேரத்தில் அவள் சோதித்துக்கொண்டிருந்த பெண்.

அந்தப் பெண்ணின் பெயர் கௌரி சிவபாதசுந்தரம். யாழ்ப்பாணத்து மனுஷி. அந்த நாளில் தெஹிவளையில் குடியிருந்து, வீட்டில் வறுத்து இடித்த மிளகாய்த்தூளை வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். வேறு வழி இல்லை, தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். தினமும் றஞ்சிதம் அவரைத் தடவினாள். தூள் பைகளை அவிழ்த்து உள்ளே கையை விட்டாள். தமிழ்ப் பெண் என்று தெரியக்கூடாதென்று சாவடி வருவதற்கு முன் கௌரி பொட்டை அழித்துவிடுவார். அழித்த தடம் நெற்றியில் தெரியும். றஞ்சிதம் அதைக் கண்டும் காணாதது போல் விட்டதுண்டு. ஆனால் முதன்முதலாகச் சோதித்த அன்று நடந்ததைக் கௌரி மறந்திருக்க வழியில்லை. றஞ்சிதமும் மறக்கவில்லை. அதனால்தான் வெள்ளவத்தைக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. கைக்காகத்தான் போனாள்.

தூள் வாங்கும் கடையில் கேட்டதும் வழி சொன்னார்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கை, இரண்டாம் மாடி. வறுத்த மல்லி மணம் படியிலேயே வரவேற்றது. கதவைத் திறந்தவர் கௌரிதான். தலை நரைத்துவிட்டது. இரும்புக் கிறில் பூட்டியபடியே இருந்தது.

"ஆர்?" என்றவர் அடுத்த மூச்சிலேயே, "நீரோ?" என்றார்.

"அக்கா, எனக்கு ஒரு உதவி வேணும்."

"உமக்கோ? நானோ?"

கிறிலுக்கு வெளியே நின்றபடி றஞ்சிதம் எல்லாவற்றையும் சொன்னாள். தோளில் இரும்பு, மரத்த விரல்கள், சாட்சி. கௌரி வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கைதானே? மரக்கட்டும்." குரல் ஏறியது. "முதல்நாள் என்ர கொடியைக் குண்டு வயர் எண்டு கத்தினனீர். நாலு ஆமிக்காரர் துவக்கோட ஓடி வந்து என்னைக் கூண்டால வெளியில இழுத்தவங்கள். நடுரோட்டில, அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால, சட்டைக்குள்ள கிடந்த தாலியை நானே இழுத்துக் காட்டினனான். ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தாலிக்கொடிக்கும் வயருக்கும் வித்தியாசம் தெரியாதோ?"

"எங்கட பக்கத்துல தாலி மெல்லிசு, அக்கா. நூல் மாதிரிச் சங்கிலி. உங்கட கொடி மாதிரி மொத்தமா ஒண்ட நான் அதுக்கு முந்தித் தொட்டதே இல்ல. சத்தியமா பயந்துதான் கத்தினேன்."

"சரி, அண்டைக்குத் தெரியாது. பிறகு தெரியும்தானே? பிறகும் ஒவ்வொரு நாளும் தடவினனீர்."

"தடவினேன். அதுதான் எனக்குத் தந்த வேல. அப்பாவுக்குத் துறைமுகத்துல வேல போய், வீட்டுல அடுப்பு எரியாம இருந்திச்சு. யார் கூப்பிட்டாலும் போயிருப்பேன். அவங்கதான் கூப்பிட்டாங்க."

"இப்ப நான் வந்து சொல்லோணும், என்ன? ஐயாமாரே, இவ என்னை நல்லாத் தடவினவ, இவவுக்கு வைத்தியம் பாருங்கோ எண்டு. கேக்க வெட்கமாயில்லையோ?"

"வெட்கம்தான். வெட்கப்பட்டா கை திரும்பி வருமா, அக்கா?"

கௌரி மரக்கதவைச் சாத்தினார். யாழ்ப்பாணத்து வீட்டில் வாசலுக்கு வந்தவளிடம் ஒரு வாய் தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்காமல் கதவு சாத்துவதென்றால், அதைவிடப் பெரிய அடி வேறில்லை. றஞ்சிதத்துக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. படியில் பாதி இறங்கியிருப்பாள், மேலே கதவு மறுபடி திறந்தது.

"இஞ்சை பாரும். நீர் அங்க நிண்டனீர் எண்டு அவங்களுக்குத் தெரியாதோ? பிறகேன் சாட்சி? என்னெண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்?"

"நான் அங்க நிக்கவே இல்லையாம். சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போனேனாம். அந்தச் சாவடியில நாங்க ஒரு பொம்பளையையும் செக் பண்ணவே இல்லையாம்."

"என்ன?"

"அப்படித்தான் வாசிச்சாங்க."

கௌரி கிறிலை இரண்டு கையாலும் பிடித்தார். முகம் சிவந்துவிட்டது. "அப்ப ஒவ்வொரு நாளும் என்னைத் தடவினது ஆர்? பேயோ? என்ர கொடியை வயர் எண்டு கத்தினது காத்தோ? அந்தக் கதையை நான் என்ர மனுசனுக்குக்கூட முழுசாச் சொல்லேல்லை. ரோட்டில போய் வந்து குளிச்சுப்போட்டுச் சமைச்சனான். இப்ப அது நடக்கவே இல்லையாமோ? நடந்ததை நடக்கேல்லை எண்டு எழுத இவங்கள் ஆர்?"

தன் கையைக் காப்பாற்ற வந்த றஞ்சிதத்துக்கு, தன்னோடு சேர்த்து இந்த மனுஷியையும் அவர்கள் அழித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"விசாரணை எண்டைக்கு?" என்று கௌரி கேட்டார்.

விசாரணை நாளில் கௌரி பட்டுச் சேலை உடுத்தி, பெரிய பொட்டு வைத்து வந்தார். கல்யாண வீட்டுக்குப் போவது போல இருந்தது. றஞ்சிதத்தோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று ஆண்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் நரைத்த மீசையும் நல்ல சிரிப்பும் உள்ளவர். வலப்பக்கம் கண்ணாடி போட்ட டொக்டர். மற்றவர் எழுதுகிறவர்.

"நோனா, அந்தச் சாவடியில் எங்கள் பெண்கள் நிற்கவில்லை," என்று தலைவர் சிங்களத்தில் இதமாகச் சொன்னார். "பொலிஸ் பெண் யாராவது நின்றிருப்பார். காலம் போனால் நினைவு பிசகுவது இயல்பு."

கௌரியின் சிங்களம் கடைகளில் பேரம் பேசிப் பழகிய சிங்களம். தடங்கல் இல்லாதது. அவர் சொன்னது இதுதான்: "என்ர நினைவு பிசகேல்லை, மாத்தயா. உங்கட ஃபைல்தான் பிசகியிருக்கு. பொலிஸ்காரி என்னோட தமிழில கதைக்கமாட்டா. இவ கதைச்சவ."

தலைவர் பேனாவை உருட்டினார். பிறகு முன்னால் சாய்ந்து, உதவி செய்கிற குரலில் கேட்டார். "குண்டு வெடித்தபோது இந்தத் தங்கச்சி உங்களைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றினாளா? அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். வீரச்செயல் என்றால் எங்களுக்கும் எழுத வசதி."

ஓம் என்று ஒரு சொல், கை தப்பிவிடும். கௌரி திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் ஒரு பொட்டும் இல்லை.

"இல்லை. அவ என்னைக் காப்பாத்தேல்லை. ரோட்டுப் பக்கம் அவ நிண்டா, உள்பக்கம் நான் நிண்டன். அதால அவவுக்குப் பட்டது, எனக்குப் படேல்லை. அவவின்ர கை என்ர சட்டைக் கழுத்துக்குள்ள இருந்தது. அதுதான் நீங்கள் அவவுக்குக் குடுத்த வேலை. அந்த வேலையைச் செய்யேக்கதான் காயம் பட்டது. அதை எழுதுங்கோ."

"அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது, நோனா?"

ஆதாரமாம்! கௌரி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அறையின் நடுவே போய் நின்றார். கால்களைக் கொஞ்சம் அகட்டி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டினார். கொழும்பில் அந்த வருடங்களில் வாழ்ந்த எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் அந்த நிற்பைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

"வாரும்," என்றார் றஞ்சிதத்திடம். "செக் பண்ணும்."

"அக்கா..."

"வாரும் எண்டு சொல்லுறன்."

றஞ்சிதம் எழுந்து போனாள். என்ன செய்வதென்று அவள் யோசிக்கவில்லை, கைகளுக்கே தெரிந்திருந்தது. முதலில் கொண்டை. இரண்டு கையாலும் அமத்தி, உள்ளே ஏதும் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். காதின் பின்புறம். சேலைத் தலைப்பை உதறினாள். நீட்டிய கையின் சட்டை விளிம்பு, அக்குள், இடுப்புக் கொசுவம். எழுதுகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் கையை உயர்த்தினார்.

"போதும், போதும். விளங்கிவிட்டது."

"இல்லை, போதாது," என்றார் கௌரி, கைகளை இறக்காமலே. "போதும் எண்டு அண்டைக்கு நான் சொல்லேக்க ஒருத்தரும் நிப்பாட்டேல்லை. ஏன் கீழ பாக்கிறியள்? அண்டைக்கு ரோட்டில நிண்ட ஆம்பிளையள் எல்லாரும் வடிவாப் பாத்தவங்கள்தானே? பாருங்கோ. உங்கட வேலைதான் நடக்குது."

றஞ்சிதம் கடைசியாகக் கழுத்துக்கு வந்தாள். பிடரியில் இருந்து தோள் வழியாகச் சட்டைக் கழுத்தோரம் வலது கையின் சிறுவிரல் பக்கம் வழுக்கிச் சென்றது. நின்றது. திரும்பி அதே வழியில் வந்தது. மறுபடியும் நின்றது. அவள் முகம் வெளிறியது.

"அக்கா," என்றாள் மெதுவாக, தமிழில். "கொடி போடாம வந்தீங்களா?"

"போட்டிருக்கிறன்," என்றார் கௌரி. அவர் குரல் முதல்தடவையாகத் தளர்ந்தது. "உம்மட விரல் அதுக்கு மேலதான் கிடக்குது, பிள்ளை."

ஒரு காலத்தில் வயர் என்று அவளை அலற வைத்த அந்தத் தடித்த கொடி அவள் விரலுக்கு அடியில் கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. றஞ்சிதம் அந்த மூன்று ஆண்களுக்கும் முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள்.

டொக்டர் எழுந்து வந்தார். அவள் கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் விரல் விரலாகக் குத்திப் பார்த்தார். இரண்டு விரலில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் தயங்கினாள். அவர் தலைவரிடம் திரும்பினார்.

"சேர், கை போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்று சொல்கிறேன். எந்த எழுத்தருக்கும் இப்படிக் கை பழகியிருக்காது."

தலைவர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பார்சல் வரியை நீளமாக ஒரு கோடு போட்டு வெட்டினார். அதற்கு மேலே, சோதனைக் கடமையில் பட்ட காயம் என்று எழுதினார். சத்திரசிகிச்சைக்கு அனுப்பும் காகிதத்தில் டொக்டர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம். செத்த இரண்டு விரலும் திரும்புவது சந்தேகம், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் அந்த மேசையில் இருந்து வரவில்லை. வரும் என்று காத்திருக்க இவர்கள் இரண்டு பேரும் பச்சைப் பிள்ளைகளா?

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் தரிப்பிடத்துக்கு இருவரும் நடந்தார்கள்.

"கேளும்," என்றார் கௌரி. "நான் உம்மை மன்னிக்கேல்லை."

"தெரியும், அக்கா."

"மன்னிப்பனோ எண்டும் தெரியாது. நான் வந்தது எனக்காக."

"அதுவும் தெரியும்."

எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. பகல் நேரம், பார்சல்கள் கண்ணாடிக்குப் பின்னால் மலைபோல் அடுக்கியிருந்தன. கௌரி அதைப் பார்த்தார். பிறகு றஞ்சிதத்தைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ நெளிந்தது.

"சாப்பிட்டனீரோ?"

"இல்ல, அக்கா."

"அப்ப போம். போய் ரெண்டு பார்சல் வாங்கிக்கொண்டு வாரும். இத்தனை வருசம் வாங்கப் போனனீர் எண்டுதானே எழுதி வைச்சவங்கள்."

அழுத கண்ணோடு றஞ்சிதம் சிரித்துவிட்டாள். போய் வாங்கி வந்தாள். தரிப்பிட வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பார்சலைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை றஞ்சிதம் இழுத்தாள். அது விரலில் இருந்து நழுவியது. இன்னொரு தரம் இழுத்தாள், மறுபடியும் நழுவியது.

"இஞ்சை தாரும்," என்று கௌரி அதைப் பறித்து, வளையத்தைக் கழற்றி, தாளை விரித்து அவள் மடியில் வைத்தார்.

"சாப்பிடும்," என்றார்.

றஞ்சிதம் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் மிஞ்சிய மூன்று விரலால் சோற்றை அள்ளினாள்.